பத்து வருடத்துக்கும் இன்றைய விலை

எல்லோரும் சிரித்தபோது சென்னியப்பனும் சிரித்தார். சிரித்து முடிக்கிற நேரத்தில்தான் எதற்குச் சிரித்தோம் என்பது உறைத்தது. உறைத்ததும் வாயை மூட மறந்துபோனார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிந்திய வகுப்பு. கோவை அவிநாசி ரோட்டு ஹோட்டலொன்றின் குளிர்ந்த ஹாலில் மேசைகளை லாட வடிவில் போட்டு, கம்பெனிகளில் நிதிப் பொறுப்பைப் பார்க்கிறவர்கள் இருபது சொச்சம் பேரை உட்காரவைத்து, நிறுவன நிதியும் வியூகமும் என்று இரண்டு நாள் பயிற்சி, இன்று இரண்டாவது நாள். நடத்துகிறவர் ஜெபசிங். நாகர்கோவில்காரர், பம்பாயில் பெரிய பெரிய கம்பெனிகளுக்கு யோசனை சொல்லியே முடியெல்லாம் கொட்டிவிட்டதாக அவரே சொல்லிக்கொள்கிறவர். பிரியாணியும் குலாப் ஜாமூனும் உள்ளே இறங்கி ஆளாளுக்குக் கண்ணைச் சொருகவே, எழுப்பிவிடுவதற்காக ஒரு கதையை எடுத்துவிட்டார். "ஒருத்தன் டீக்கடையைத் தொடர்ந்து நடத்தலாமா, மூடிரலாமான்னு கணக்குப் போட்டான். பத்து வருஷத்துக்கு. பத்தாவது வருஷமும் டீ இன்னைக்கு விலைதான், பால் இன்னைக்கு விலைதான். சரி, விலை ஏறாத ஊருன்னு வச்சுக்கிடுவோம். ஆனா அன்னைக்கு வரப்போற காசுக்கு இன்னைக்கு என்ன மதிப்புன்னு கழிச்சுப் பாக்கணும்லா, அதுக்கு மட்டும் பேங்க் வட்டியை எடுத்துக்கிட்டான். அந்த வட்டி எப்படி வந்தது? விலைவாசி ஏறும்னு பயந்து பேங்க்காரன் ஏத்தி வச்ச வட்டி. வரவுல விலைவாசி கெடையாது, கழிக்கிறதுல மட்டும் உண்டு. நல்லா ஓடுற கடையும் அந்தக் கணக்குல நொண்டத்தானே செய்யும்? கடையை மூடிட்டு வீட்டுக்குப் போயிட்டான்." கொஞ்சம் நிறுத்தி, ஹாலை ஒரு சுற்றுப் பார்த்து, "இங்க யாரும் இப்படிப் பண்ண மாட்டிய, எனக்குத் தெரியும்" என்றார். அப்போதுதான் எல்லோரும் சிரித்தார்கள்.

ஏசி காற்று நேராகப் பிடரியில் அடித்துக்கொண்டிருந்தது. காலையிலிருந்தே அடிக்கிறது, இப்போதுதான் தெரிகிறது. இடப்பக்கத்து நாற்காலியில் ஹேமப்ரியா, அவருடைய மில்லின் டைரக்டர், காலமான பெரிய முதலாளியின் மகள், சிரிப்பு இன்னும் முகத்தில் மிச்சமிருக்க 'டீக்கடை' என்று எழுதி அடிக்கோடு போட்டாள். வாய் நிறைய மேடம் என்பார். மனசுக்குள் மட்டும் அவள்தான், பள்ளிக்கூட யூனிஃபாரத்தோடு ஆபீஸுக்கு வந்து கால்குலேட்டர் பித்தான்களை அமுக்கி விளையாடியவளை வேறெப்படி நினைக்க முடியும்? அடிக்கோடு போட்டவளுக்கு அந்தக் கடைக்காரன் யாரென்று தெரியவில்லை. அது யார்? சீ, ஏன் இப்படி அவசரப்பட்டு, டீக்கடை வேறு, நூல் மில் வேறு. உடுமலைப் பக்கத்து பி யூனிட்டை இன்னும் பத்து வருடம் ஓட்டினால் தேறுமா, இப்போதே மூடினால் தேவலையா என்று அவர் போட்ட ஷீட் போன வாரமே போர்டு உறுப்பினர்களுக்குப் போய்விட்டது. மூடு என்று சொல்கிற ஷீட். நாளைக் காலை போர்டு கூட்டம். காபி குடித்துக்கொண்டே தீர்மானத்தை நிறைவேற்றிவிடுவார்கள். அந்த ஷீட்டில் நூல் விலை என்ன போட்டார்? இன்றைய விலை. முதல் வருடத்துக்கும் அதுதான், பத்தாவது வருடத்துக்கும் அதுதான். பெரிய முதலாளி வைத்துவிட்டுப் போன வழக்கம். அவர் இருந்தபோது ஒருமுறை சென்னியப்பன் வருடத்துக்கு வருடம் விலையை ஏற்றிப் போட்டுக் கொண்டுபோய் நீட்ட, கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "ஏனுங்க சென்னியப்பன், பத்து வருசம் கழிச்சு நூலு என்ன வெலைக்கு விக்கும்னு உங்களுக்கு எந்தச் சாமி வந்து சொல்லுச்சு? இன்னைக்கு வெலையப் போடுங்க. சோசியம் பாக்கோணும்னா நான் வேற ஆளுகிட்டப் போய்க்குவேன்" என்றார். ஆபீஸே சிரித்தது. அதிலிருந்து அந்த மில்லில் எல்லாக் கணக்கும் இன்றைய விலைதான், அதில் ஒரு கௌரவம்கூட இருந்தது, நாங்கள் ஜோசியம் பார்க்கிறவர்கள் இல்லை என்று. ஒரு மெஷின் வாங்கலாமா, ரெண்டு வருடத்தில் போட்ட காசு திரும்புமா என்கிற கணக்குக்கெல்லாம் அது போதும், ஒன்றும் குடி முழுகாது. கழிக்கிற விகிதம்? அது பேங்க் வட்டி, அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்து. அதுவும் வழக்கம்தான். தனித்தனியே பார்த்தால் இரண்டும் ஒழுங்கான வழக்கம், இரண்டையும் ஒரே தாளில் உட்காரவைத்தது யார்? நான்தான், நானேதான்.

இல்லை, அப்படிப் பயப்பட வேண்டியதில்லை. பஞ்சு விலையும்தானே ஏறாமல் போட்டிருக்கிறோம், கூலியும் ஏறவில்லை, கரண்ட் பில்லும் ஏறவில்லை. வரவும் நிற்கிறது செலவும் நிற்கிறது, சரிக்குச் சரி. எல்லாம் ஏறினால் மிச்சம் அதேதானே? அதேதானா? எல்லாம் ஏறினால் மிச்சமும் ஏறும். இதை ஒரு பத்தாங்கிளாஸ் பையன் சொல்லிவிடுவான். மிச்சம் ஏறாமல் நிற்க, வட்டி மட்டும் வருடா வருடம் அதைக் கடித்துத் தின்றுகொண்டே போகிறது. ஜெபசிங் அடுத்த படத்துக்குப் போய்விட்டார், திரையில் ஏதோ அம்புக்குறிகள், எவனோ ஒருவன் கேள்வி கேட்கிறான், தமிழ்தான், ஆனால் ஒரு வார்த்தை ஏறவில்லை. சென்னியப்பன் செல்போனை எடுத்து மேசைக்கடியில் மடியில் வைத்துக்கொண்டார். ஐம்பத்தொரு வயது, மீசை நரைத்துவிட்டது, பரீட்சையில் பிட் அடிக்கிறவனாட்டம் குனிந்துகொண்டு. பி யூனிட்டின் வருட மிச்சம் மனப்பாடம், தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். வட்டியிலிருந்து விலைவாசியை எடுத்துவிட்டு மறுபடி கழித்துப் பார்த்தார். கட்டை விரல் ஈரமாகி பித்தான் சரியாக அமுங்கவில்லை. வந்த தொகைக்கு முன்னால் மைனஸ் இல்லை. தப்பாக அமுக்கியிருப்போம். அழித்துவிட்டு முதலிலிருந்து போட்டார். மைனஸ் இல்லை. பெரிய லாபமும் இல்லை, கொண்டாடுகிற மாதிரி ஒன்றும் இல்லை, தட்டுத்தடுமாறி ஓடுகிற யூனிட், ஆனால் ஓடுகிற யூனிட். அந்தச் சின்னக் கோடு முன்னால் இருந்தால் மூடு, இல்லாவிட்டால் ஓட்டு. கோடு யூனிட்டினுடையது இல்லை, என்னுடையது. நான் போட்ட கோடு. ஹேமப்ரியா திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது. சட்டென்று போனைக் கவிழ்த்தார். அவள் பார்க்கவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தார், அது தொண்டையில் ஐஸாக இறங்கியது, பல் கூசியது.

முதல் தடவை மைனஸ் வந்தபோது ஏன் திரும்பிப் பார்க்கவில்லை? எந்தக் கணக்கையும் இரண்டு தடவை பார்க்கிற ஆள் அவர், வீட்டில் மளிகைச் சாமான் சீட்டைக்கூட இன்னொருமுறை கூட்டிப் பார்த்து மனைவி பூங்கொடியிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறவர். காரணம் தெரியும். தெரியாத மாதிரி நடித்தாலும் தெரியும். பூங்கொடியின் தம்பி குப்புராஜ் பி யூனிட்டில் ஃபிட்டர். வேலைக்குச் சேர்த்துவிட்டதே சென்னியப்பன்தான். அவன் குடியிருப்பது மில் கேட்டுக்கு எதிரே, பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறான், அந்த வரன்களிடமெல்லாம் மில்லில் பர்மனென்ட் என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். ஷீட்டில் மைனஸ் வந்த அன்று சென்னியப்பனுக்குள் முதலில் எழுந்தது, ஐயோ குப்புராஜ் என்பதுதான். எழுந்ததும் அவருக்குத் தன் மேலேயே கோபம் வந்தது, மச்சினனுக்காகக் கணக்கைத் தடவிக்கொடுக்கிற ஆளா நான் என்று. அந்தக் கோபத்தோடு, மறுபடி பார்க்காமல், ஒரு வீறாப்போடு அனுப்பிவிட்டார். போன ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்கு வந்து, சாப்பிட்ட கையைக் கழுவாமலேயே, "மச்சான், யூனிட்டப் பத்தி என்னென்னமோ பேசிக்கறாங்க. ஒண்ணுமில்லீங்களே?" என்று கேட்டான். "கணக்கு என்ன சொல்லுதோ அதுதான் மாப்ளே" என்றார். அவன் தலையை ஆட்டிக்கொண்டான், கணக்கு என்று சொன்ன பிறகு அவனால் என்ன பேச முடியும். பூங்கொடி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அவனிடம் சொன்ன அந்த வாக்கியத்தை நினைத்து அன்று அவருக்குப் பெருமையாக இருந்தது, அதை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது. நேர்மையாக இருக்கிறோம் என்கிற மப்பில் ஒரு ஆள் எவ்வளவு பெரிய தப்பைப் பண்ணலாம். அவன் ஒருத்தனா? விடியற்காலையில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மில் பஸ்ஸில் வந்து இறங்குகிற பெண்கள், யூனிட்டைப் பார்வையிட இவர் போகும்போது அவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள், ஆபீஸர் சார் வர்றாங்க என்று. ஒதுங்கி வழிவிட்டவர்கள்.

சொல்லிவிட வேண்டும். சொன்னால்? ஹேமப்ரியாவுக்குக் குப்புராஜைத் தெரியும். நாளைக்குக் கூட்டத்தை வைத்துக்கொண்டு இன்றைக்கு வந்து தப்பு என்கிறாரே, மச்சினன் வீட்டில் அழுதிருப்பான் என்றுதான் நினைப்பாள், யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். நேர்மையை நிரூபிப்பதற்காகக் கணக்கை மறுபடி பார்க்காமல் விட்டது போய், இப்போது நேர்மையாகச் சொன்னாலே நேர்மை போய்விடும், இது என்ன மாதிரியான முடிச்சு. தவிர, இந்தப் பயிற்சிக்கு அவரை அழைத்து வந்ததே அடுத்த மாதம் நிதித் தலைவராக ஆக்கத்தான். அவளே காரில் வரும்போது சொன்னாள். நிதித் தலைவர், டீக்கடைக் கணக்குப் போடுகிறவர். சொல்லாவிட்டால்? யாருக்குத் தெரியப்போகிறது. போர்டில் இருப்பவர்களில் ஒருவர் பல் டாக்டர், ஒருவர் ஹேமப்ரியாவின் சித்தப்பா, கடைசி வரியை மட்டும் பார்ப்பார்கள். யூனிட் மூடின பிறகு ஓடியிருக்குமா என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது, செத்தவன் பிழைத்திருப்பானா என்று யார் சொல்ல முடியும். யாருக்கும் தெரியாது என்பதுதான் பயமாக இருந்தது. தெரிந்துவிடும் என்றால் பேசாமல் ஒப்புக்கொண்டு போய்விடலாம்.

"சார், நீங்க." நிமிர்ந்தார். ஜெபசிங் லாடத்தின் நடுவில் வந்து நின்றுகொண்டு நேராக அவரையே பார்த்தார். "மில்லுதானே உங்களுக்கு? பஞ்சு விலை ஆடுற ஆட்டத்துக்கு நீங்கதான் சரியான ஆளு. நீண்ட காலக் கணக்குல விலைவாசியை எப்படிச் சமாளிக்கிறிய? சொல்லுங்க, எல்லாரும் கேக்கட்டும்." இருபது சொச்சம் தலைகளும் திரும்பின. ஹேமப்ரியாவும் திரும்பினாள், முகத்தில் ஒரு பெருமிதம், நம்ம சார் பதில் சொல்வார் பாருங்கள் என்கிற மாதிரி. இதுதான் நேரம். இப்போதே எழுந்து, ஐயா, அந்தக் கடைக்காரன் நான்தானுங்க என்று சொன்னால் முடிந்தது, நாலே வார்த்தை, தலைவலி தீர்ந்தது. அவர் எழவில்லை. ஜன்னல் திரைச்சீலையின் பழுப்புப் பூக்கள் கண்ணில் பட்டன, எதிர் வரிசையில் ஒருவர் சட்டைப் பையில் குலாப் ஜாமூன் பாகுக் கறை தெரிந்தது. "நாங்க..." என்றார். குரல் எங்கேயோ அடியிலிருந்து வந்தது. "நாங்க ரெண்டு விதமாவும் போட்டுப் பாத்துருவோமுங்க. வெலை ஏத்தியும் பாப்போம், ஏத்தாமலும் பாப்போம். அப்புறம் ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்து முடிவு பண்ணுவோமுங்க." ஜெபசிங் கையைத் தட்டினார். "பாத்தியளா? இதுதான் முறை. இதைத்தான் நான் ஒரு மணி நேரமா சொல்லிக்கிட்டு இருக்கேன்." யாரோ குறிப்பெடுத்தார்கள். ஹேமப்ரியா மெல்ல, "சூப்பர் சார்" என்றாள். சென்னியப்பன் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். அவ்வளவு ஏசியிலும் கைக்குட்டை நனைந்தது. இத்தனை நேரம் அது தப்பு. இப்போது பொய். ஒரு மனுசன் உட்கார்ந்த இடத்திலேயே எவ்வளவு தூரம் கீழே போக முடிகிறது.

அதற்குப் பிறகு டீ இடைவேளை வருகிற வரைக்கும் அவர் வாக்கியம் தேடிக்கொண்டிருந்தார். மேடம், ஒரு சின்ன விஷயமுங்க. சின்ன விஷயமா அது? மேடம், ஷீட்டை இன்னொருக்காப் பாத்தா நல்லதுன்னு தோணுது. தோன்றுகிறதா, தெரியுமா? மேடம், பெரிய முதலாளி வச்ச வழக்கத்தால... செத்துப்போன மனிதர் தலையில் போடப் பார்க்கிறாயே, வெட்கமாக இல்லை? அவர் இன்றைய விலையைப் போடு என்றார், அவ்வளவுதான். வட்டியை அதற்குத் தகுந்தபடி குறைக்காதே என்று எப்போது சொன்னார்? அவருக்கு அது தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை, அதற்குத்தானே உன்னை வைத்திருந்தார். எல்லா வாக்கியமும் மேடம் என்று தொடங்கி நடுவில் ஒடிந்து விழுந்தது. நாளைக்குக் காலையில் காய்ச்சல் என்று போன் பண்ணிவிடலாமா? காய்ச்சல் வந்தாலும் ஷீட் போய்விட்டதே, அதற்குக் காய்ச்சல் வராதே. பூங்கொடியிடம் முதலில் சொல்லிப் பார்க்கலாமா? சொன்னால் அவள் ஒரே கேள்விதான் கேட்பாள், எப்பச் சொல்லப் போறீங்க என்று. அந்தக் கேள்விக்காகத்தான் அவளிடம் சொல்ல முடியாது. மூச்சு மேல் மூச்சாக வாங்கியது, நெஞ்சு வலியோ என்றுகூட ஒரு பயம் வந்தது, வந்தால் நல்லது என்று ஒரு கணம் நினைத்துவிட்டு, அப்படி நினைத்ததற்காகத் தன்னையே கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டார்.

வராந்தாவில் டீயும் வெங்காயப் பக்கோடாவும் வைத்திருந்தார்கள். ஹேமப்ரியா போனில் பேசி முடித்துவிட்டு, தனியே தூண் ஓரமாக நின்றாள். சென்னியப்பன் அவள் முன்னால் போய் நின்றார். தேடின வாக்கியம் ஒன்றும் வரவில்லை.

"மேடம், அந்த டீக்கடைக்காரன் நானுங்க."

அவள் சிரிக்கத் தொடங்கி, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "என்ன சார் சொல்றீங்க?"

"பி யூனிட் ஷீட்டுங்க. பத்து வருசத்துக்கும் இன்னைக்கு வெலையப் போட்டுட்டு, பேங்க் வட்டில கழிச்சுட்டேன். அவுரு சொன்ன அதே தப்புங்க. இப்பத்தான் போட்டுப் பாத்தேன்."

"எவ்வளவு மாறும்?"

"மைனஸ் போயிருதுங்க. பெரிசா ஒண்ணும் நிக்கலை. ஆனா போயிருது. மூடோணும்னு அவசியமில்லீங்க."

அவள் குனிந்து டீ கப்பைத் தூணடியில் வைத்தாள். அவருக்கு உடம்பு லேசாகிவிட்டது. சொல்லியாயிற்று. இனி என்ன வேண்டுமானாலும் திட்டட்டும், வேலையை விட்டுப் போகச் சொல்லட்டும். பிறகு அவள் நிமிர்ந்தபோது முகத்தில் கோபமே இல்லை.

"குப்புராஜ் அண்ணனை நினைச்சு மனசு கஷ்டமா இருக்கா? அவருக்கு இங்க ஏ யூனிட்லயே இடம் போட்டுத் தர்றதா இருக்கேன். நானே உங்ககிட்டச் சொல்லணும்னு இருந்தேன்."

"அதுக்கில்லீங்க மேடம். கணக்கு..."

"புரியுது. தப்போட போர்டுக்குப் போகக் கூடாது, நீங்க சொன்னது நல்லதாப் போச்சு. இன்னைக்கே சரி பண்ணிருங்க. ஆனா பேங்க்ல பேசியாச்சு, நிலத்துக்கும் ஆள் வந்தாச்சு, சித்தப்பாகிட்ட எல்லாம் சொல்லியாச்சு. இனிமே பின்னால போக முடியாது." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சரி பண்ணுங்க. ஆனா முடிவு மாறாத மாதிரி சரி பண்ணுங்க. உங்களால முடியாததா அங்கிள்?"

முடியாதுங்க என்று சொல்ல வாயெடுத்தார். வார்த்தை நாக்கு வரைக்கும் வந்துவிட்டது, அதன் கசப்புகூடத் தெரிந்தது. ஆனால் யாரும் கேட்காமலே மனசு ஷீட்டைத் திறந்துகொண்டு ஒவ்வொரு வரியாக இறங்கத் தொடங்கியிருந்தது, விலையைத் தாண்டி, கூலியைத் தாண்டி, பழைய மெஷின்களை மாற்றுகிற செலவு இருக்கிற வரிக்கு வந்து நின்றது. எட்டாவது வருடம் என்று போட்டிருக்கிறது. ஏன் எட்டு? மெஷின்கள் பழசு. மூன்றாவது வருடமே மாற்ற வேண்டிவரும் என்றால் அதைப் பொய்யென்று யாரும் சொல்ல முடியாது, அவற்றைக் கழற்றி மாட்டுகிற குப்புராஜே சொல்ல முடியாது. அந்தச் செலவை முன்னால் நகர்த்தினால் போதும், சீக்கிரம் வருகிற செலவை வட்டி அவ்வளவாகத் தின்னாது. வட்டி சரியாக இருக்கும், விலைவாசி சரியாக இருக்கும், ஜெபசிங்கே வந்து பார்த்தாலும் ஒரு குற்றம் சொல்ல மாட்டார். மைனஸ் வந்துவிடும்.

"பண்ணிரலாமுங்க" என்றார் சென்னியப்பன்.

அவள் அவர் கையைத் தொட்டுவிட்டு உள்ளே போனாள். அவர் அங்கேயே நின்றார். குப்புராஜின் முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றார், அழ முடியுமா என்றுகூடப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. இழுபறியாக நின்ற கணக்கு நேராகும்போது எப்போதும் வருகிற சின்னச் சந்தோஷம் மட்டும் வந்திருந்தது.